கெளுத்தி அலமாரிச் சாவி

கெளுத்திப் போத்தல்களுக்குச் சாராயம் ஊற்றுவது யோகேஸ்வரியின் வேலை. மேலதிகாரி டாக்டர் ஷிரீன் அதை எத்தனால் என்பார். பீப்பாய் மாதிரித் தோம்பில் கொண்டுவந்து இறக்குகிறவன் ஸ்பிரிட் என்பான். யோகேஸ்வரிக்கு அது சாராயம்தான். "மீனையும் சாராயத்தையும் ஒரே போத்தல்ல வச்சிருக்கிற எடத்துல என் பொண்டாட்டி வேலை செய்றா. இத்தனை வருஷத்துல வீட்டுக்கு ஒரு துண்டும் வரல, ஒரு மொடக்கும் வரல" என்று அவள் கணவன் காளிதாசன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

சுங்கைப்பட்டாணிக்கு வெளியே, ஒரு கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில் இருந்தது அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். முன்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கப் பாடம் செய்த பறவைகள். உள்ளே ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் வரும் ஈர அறை. அதில் ஒரு நீளச் சுவர் முழுக்க நன்னீர்க் கெளுத்திகள். கெலி, பாவுங், தாப்பா, விரல் நீளத்தில் கண்ணாடி போன்ற குட்டிக் கெளுத்திகள், எல்லாம் தலைகீழாக, வால் மேலே பார்க்க, வயிற்றில் நூல் கட்டிய சீட்டோடு நின்றன. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சாராயம் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனதை நிரப்ப வேண்டும். தோம்பில் வருவதை அப்படியே ஊற்றினால் மீன் சுருங்கிவிடும். வடித்த தண்ணீர் கலந்து, மிதவைக் குழாயை விட்டு அளவு பார்த்து, போத்தலின் ஓரமாகச் சரிய விட வேண்டும். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி.

அன்று யோகேஸ்வரி ஊற்ற, பக்கத்தில் நின்று ஷீலா கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா செய்யுங்கக்கா. கை மறைக்குது."

"நான் ஊத்துறது மீனுக்கு. உன் போனுக்கு இல்ல" என்றாள் யோகேஸ்வரி. ஆனாலும் கையைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

ஷீலா வந்து எட்டு மாதம் ஆகிறது. முப்பத்திரண்டு வயது. பாக்கார் ஆராங்கிலிருந்து தன் சிவப்புக் காடியை ஓட்டிக்கொண்டு வருவாள். அதுவரை தழை அறையில், காய்ந்த இலைகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து தைப்பூசம் முடியும் வரை இருவரும் இடம் மாறிக்கொள்வதாக ஏற்பாடு. யோகேஸ்வரி தழை அறைக்கு, ஷீலா கெளுத்திக்கு.

ஏற்பாடு யோகேஸ்வரி கேட்டதுதான். மகள் உமாராணிக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி, நல்லபடியாகப் பிறந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லி வைத்திருந்தாள். பேரன் பிறந்து தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறான். காப்புக் கட்டினால் நாற்பத்தெட்டு நாள் கவிச்சி தொடக்கூடாது.

"அது கவிச்சியா? அது மருந்து போட்ட பொணம்" என்றான் காளிதாசன்.

"மீனுன்னா மீனுதான். அதுவும் சாராயத்துல ஊறுன மீனு. ரெண்டுல ஒன்னா இருந்தாலாச்சும் கையொறை போட்டுக்கிட்டுச் சமாளிக்கலாம்."

டாக்டர் ஷிரீன் பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். ஒரு கேள்வி கேட்கவில்லை. "நோன்புன்னா நோன்புதான் யோகாக்கா. ஷீலா பாத்துக்கட்டும்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் யோகேஸ்வரி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். "ஒரு வகையில நல்லதுதான். ஆராய்ச்சிக்காரங்க இனிமே நெறைய வருவாங்க. கெளுத்தியை நிரந்தரமா ஒரு ஆள்கிட்ட ஒப்படைக்கணும். தைப்பூசம் முடியட்டும், யாருன்னு முடிவு பண்ணலாம்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

யார் என்று முடிவு பண்ண அதில் என்ன இருக்கிறது?

அவள் பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று பெண்களில் நடுப்பெண். அக்காளுக்குப் புதுப் பாவாடை, தங்கைக்குச் செல்லம், நடுவில் இவளுக்கு அக்காள் உடுத்திக் கழித்தது. பள்ளியை மூன்றாம் பாரத்தோடு விட்டு, கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு, கூட்டிப் பெருக்க இந்தக் கட்டடத்துக்கு வந்தாள். ஈர அறைக்கு அப்போது ஆள் நிற்கவில்லை. வந்தவர்கள் வாடையில் தலைசுற்றி இரண்டாம் மாதமே ஓடினார்கள். யோகேஸ்வரி தரையைத் துடைத்தாள். பிறகு போத்தலைத் துடைத்தாள். பிறகு ஒரு நாள், ஆள் இல்லாததால், சாராயத்தையும் ஊற்றினாள். ஷிரீனுக்கு முன்பு இருந்த வெள்ளைமுடிப் பேராசிரியர் அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்து, இனி நீயே வைத்துக்கொள் என்றார். வாழ்க்கையில் முதன்முதலாக, இன்னொருத்தி உடுத்திக் கழிக்காத ஒன்று.

அவளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவள் மீன் குழம்பு குடியிருக்கும் தாமான் முழுக்கப் பேர் போனது. யார் செய்முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல், உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துச் சொல்வாள். புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எப்போது மீனைப் போடுவது, எல்லாம். வெந்தயத்தை வறுத்துப் பொடித்து இறக்கும்போது தூவுவதை மட்டும் சொல்ல மாட்டாள். கேட்டுப் போனவர்கள் வீட்டில் குழம்பு நன்றாகத்தான் வரும். ஆனால் யோகேஸ்வரி வைத்த மாதிரி வராது. "நம்ம கைப்பக்குவம் அப்படி" என்பாள். காளிதாசனுக்குத் தெரியும். வெளியே சொல்லாமல் இருப்பதற்கு அவனுக்குக் குழம்பு கிடைத்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில், பின்வரிசையில், ஒரு பெரிய போத்தல் இருந்தது. உள்ளே முழங்கை நீளத்துக்கும் மேலே ஒரு தாப்பா. மூடா ஆற்றின் மேல்பகுதியில், மணல் அள்ளத் தொடங்குவதற்கு முன்பு பிடித்தது. அந்த இடத்திலிருந்து அதற்குப் பிறகு அந்தச் சாதி வரவில்லை. வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். யோகேஸ்வரி அதைப் பெரியவர் என்று அழைப்பாள்.

பெரியவரின் போத்தல் பழங்காலத்துப் போத்தல். கண்ணாடி மூடி, மேலே கம்பிக் கொக்கி. மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் எப்போதோ பொடிந்துபோனது. புதுப் போத்தல் கேட்டு எழுதியது எழுதியபடி இருந்தது. காளிதாசனின் மோட்டார் சைக்கிள் பழைய டியூபிலிருந்து யோகேஸ்வரிதான் ஒரு வளையம் வெட்டிப் போட்டாள். மூடினால் வெளியே தெரியாது. இரண்டு மாதம் தாங்கும். பிறகு சாராயம் பட்டுப் பட்டு நெகிழ்ந்து விலகும், உடனே புதுசு வெட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சாராயம் ஆவியாக ஓடும். உள்ளே இருந்த சாராயமோ தேத்தண்ணி நிறத்துக்குக் கறுத்திருந்தது. பின்வரிசையில் நிற்கும் போத்தலில் மட்டம் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.

அன்று ஷீலா கைப்பேசியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, "இவரு யாருக்கா?" என்று கேட்டாள்.

"பெரியவரு. இவரை அசைக்காத. மீசை ஒடிஞ்சிரும். முன்னாடி உள்ளதுங்களைக் கவனி, போதும்."

சொன்னதில் பொய் இல்லை. மீசை ஒடியக்கூடியதுதான். வளையம் மாற்ற வேண்டிய நாள் விரதத்தின் நடுவில் வரும் என்பது நினைவில் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. யார் என்று முடிவு பண்ணலாம் என்ற குரலும் கூடவே வந்தது. வெந்தயத்தை விழுங்குகிற மாதிரி அதை விழுங்கினாள். கொஞ்சம் மட்டம் இறங்கட்டும். வந்து பார்த்து, அட, இதற்கு இப்படிச் செய்யணும் என்று செய்து காட்டினால் போதும். யோகாக்கா இல்லாமல் ஆகாது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சாவியை ஷீலாவிடம் கொடுத்தாள்.

தழை அறையில் வாடை இல்லை, சத்தம் இல்லை. இலைகள் கிடக்கிற இடத்தில் கிடந்தன. யோகேஸ்வரி அவற்றுக்குப் பசை தடவிக்கொண்டு, காதை நடைக்கு அப்பால் ஈர அறையில் வைத்திருந்தாள். முதல் வாரமே அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் ஷிரீன் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமாக டாக்டர் ஈர அறைக்கு வருவார், பார்ப்பார், நன்றிக்கா என்று போவார். இப்போது வந்தால் அரை மணி நேரமானாலும் போவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் காரணம் தெரிந்தது. "ஷீலா அந்தப் பெரிய தாப்பாவுக்கு அங்கிள்னு பேர் வச்சிருக்கா. மீசையைப் பாத்தா அவ மாமனார் மாதிரியே இருக்காம்" என்று டாக்டர் சொல்லி மறுபடியும் சிரித்தார்.

பெரியவர் அங்கிள் ஆகிவிட்டார். யோகேஸ்வரி தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அக்காவுக்குத் தொந்தரவா இருக்கும்னு நானும் இப்ப மீன் கொண்டு வர்றதில்ல" என்றாள் ஷீலா. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சாப்பாட்டு மங்கின் மூடியைத் திறந்து காட்டினாள். கீரையும் உருளைக்கிழங்கும்.

இது வேறு. கெட்டவளாக இருந்தாலாவது வயிறு எரிவதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

மூன்றாவது வாரம் ஷீலா முன்வரிசைப் போத்தல்களை எல்லாம் மீன் பிடித்த ஆறு வாரியாக அடுக்கினாள். மூடிகளில் வண்ணப் புள்ளி ஒட்டினாள். பச்சை என்றால் மூடா ஆறு, மஞ்சள் என்றால் மெர்போக் ஆறு. டாக்டர் அதைப் படம் பிடித்து யாருக்கெல்லாமோ அனுப்பினார். "ரொம்ப நாளா இப்படிச் செய்யணும்னு நெனைச்சேன் யோகாக்கா" என்று அவர் சாதாரணமாகச் சொன்னதை யோகேஸ்வரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். ரொம்ப நாளாக நினைத்தவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்குப் புரியாது என்றா? புள்ளி ஒட்டத் தெரியாதவளா நான்? பேரனைக் குளிப்பாட்டும்போதும் அதே நினைப்பு. துண்டு எங்கே என்று உமாராணி இரண்டு தடவை கேட்டும் காதில் விழவில்லை.

"அம்மாவுக்கு விரதம் ஒத்துக்கல" என்றாள் மகள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நடையில் போகும்போது யோகேஸ்வரியின் மூக்குக்கு அது எட்டியது. ஈர அறையின் கதவிடுக்கு வழியாக வரும் வழக்கமான வாடை இல்லை. இது கூர்மையாக இருந்தது. கண்ணோரத்தில் லேசாகக் காந்தியது. எங்கேயோ ஒரு மூடி விட்டுவிட்டது. எங்கேயோ என்ன, அவளுக்குத் தெரியும். உள்ளேயே இருக்கிறவளுக்கு மூக்குப் பழகியிருக்கும்.

கதவில் கை வைத்தாள். கண்ணாடி வழியே ஷீலா தெரிந்தாள். அவள் இடுப்பில் சாவி தொங்கியது. யோகேஸ்வரி அதைப் பையில் வைத்திருப்பாள். இவள் ஊருக்குத் தெரிய, சிவப்பு நாடாவில் கோத்து மாட்டியிருந்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று எதையோ காட்ட, இரண்டு தலையும் ஒரு போத்தல்மேல் குனிந்திருந்தன.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையை எடுத்தாள்.

மறுநாளும் வாடை இருந்தது. அதற்கடுத்த நாள் குறைந்திருந்தது. குறைந்தால் நல்லது என்றில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த காளிதாசனிடம், யாரோ ஒருத்தியின் கதை மாதிரி, "ஒரு போத்தல்ல சாராயம் போகுது போல. நான்தான் தொடக்கூடாதே" என்றாள்.

"தொடக்கூடாது, சரி. சொல்லலாமில்ல?"

அவள் விளக்குக்குத் திரி உருட்டத் தொடங்கினாள்.

"ஓ" என்றான் அவன். துணியைப் பிழிந்தான். "வெந்தயமா?"

"உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையத்தான் பாக்குறேன். பழைய டியூபு ஒன்னு கெடக்கு, வெட்டித் தரவான்னு கேக்குறேன்."

யோகேஸ்வரி உள்ளே போய் விளக்கேற்றினாள். முருகனைப் பார்த்து நின்றபோது, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. வால் நுனி வரைதானே. ஊற்றினால் சரியாகிவிடும்.

ஷீலாவே ஒரு நாள் தழை அறைக்கு வந்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் தைப்பூசம் கழிந்த வாரம் வருகிறார்களாம். அவர்களுக்கு அலமாரியைத் திறந்து காட்டுவது ஷீலாதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது, மலர்ந்ததை மறைக்கவும் பார்த்தாள்.

"எனக்கு பயமா இருக்குலா. எதையாச்சும் விட்டுட்டேனாக்கா? நீங்க ஒரு தடவை வாசல்ல நின்னாச்சும் பாருங்களேன்."

இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை முருகனே இறங்கிவந்தாலும் கொடுக்க முடியாது. யோகேஸ்வரியின் விரலில் பசை ஒட்டியிருந்தது. அதைப் பழைய தாளில் தேய்த்தாள். திறந்து காட்டுவது ஷீலாதான். முடிவு பண்ணலாம் என்றவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள்.

"எல்லாம் சொல்லிட்டேன். அதான் வீடியோ வச்சிருக்கியே" என்றாள்.

தைப்பூசத்தன்று பால்குடத்தைத் தலையில் வைத்து நடந்தாள். வெயிலில் தார் சுட்டது. உமாராணி பேரனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று வாசலிலேயே ஷீலா பிடித்துக்கொண்டாள். "விரதம் முடிஞ்சிருச்சில்ல? மீன் கட்லட் கொண்டாந்திருக்கேன். மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம்." சாப்பாட்டு மங்கை மேசையில் வைத்துவிட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் நாளை வருவதால் தாப்பாவை வெளியே எடுக்கும்படி டாக்டர் சொன்னார் என்று ஈர அறைக்குள் போனாள்.

யோகேஸ்வரி நடையில் நின்றாள். முன்வரிசைப் போத்தல்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம். பெரிய போத்தல் மேசைமேல் உட்காரும் சத்தம். கம்பிக் கொக்கி கழலும் சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. "டாக்டர்" என்று ஷீலா கூப்பிட்டது மட்டும், அதுவும் தணிந்த குரலில்.

அவளும் உள்ளே போனாள். சாராயம் பாதிக்கும் கீழே இருந்தது. மேலே நின்ற வாலும் உடம்பில் பாதியும் காய்ந்து, சுருங்கி, மஞ்சளாகி, சந்தையில் கட்டித் தொங்கவிடும் கருவாடாக இருந்தது. வால் துடுப்பில் ஒரு துண்டு ஏற்கெனவே உடைந்து மிதந்தது. ஷீலா கையுறை போட்ட இரு கையாலும் மீனைத் தாங்கித் தட்டில் கிடத்தினாள். கிடத்தும்போது இன்னொரு துண்டு உதிர்ந்தது.

டாக்டர் ஷிரீன் உதிர்ந்த துண்டைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நான் பொறக்கிறதுக்கு முந்தியே இது போத்தல்ல இருந்துச்சு, ஷீலா" என்றார்.

"முன்னாடி உள்ளது எல்லாத்தையும் வாரா வாரம் பாத்தேன் டாக்டர். இதை அசைக்க வேணாம்னு..."

ஷீலா நிறுத்திவிட்டு யோகேஸ்வரியைப் பார்த்தாள். யோகேஸ்வரி தட்டைப் பார்த்தாள்.

"அசைக்காமலும் பாக்கலாம். டார்ச் அடிச்சுப் பாத்திருக்கலாம். நானும் பாத்திருக்கணும்" என்றார் டாக்டர். நாளை வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிற முகம். "சாவியை யோகாக்காகிட்ட குடுத்துரு. நீ தழைக்கே போ. அக்கா, இதை எவ்வளவு காப்பாத்த முடியும்னு பாருங்க. உங்களுக்குத்தான் இது தெரியும்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

உங்களுக்குத்தான் தெரியும். அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அச்சாக அப்படியே வந்தது.

ஷீலா இடுப்பிலிருந்து நாடாவை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. சாவியை மட்டும் பிரித்தெடுத்து யோகேஸ்வரியின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு கண்ணாடி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினாள். பிசுபிசுவென்று நீண்டு, அறுந்து வந்தது.

"இது என்னக்கா? மோட்டார் டியூபா?"

யோகேஸ்வரி துணியை எடுத்துப் போத்தலின் வெளிப்புறத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

"கத்திரியால வெட்டுனது. நீங்க போட்டதா?"

துணி ஏற்கெனவே துடைத்த இடத்திலேயே போய்வந்தது.

"நேத்துகூட வீடியோவைப் பாத்தேன்க்கா. நாளைக்கு ஆளுங்க வர்றாங்களேன்னு முழுசாப் பாத்தேன். இது அதுல இல்ல." ஷீலாவின் குரலில் சண்டை இல்லை. கடையில் மிச்சக் காசு குறைந்தால் நின்று கேட்கிற குரல். "மறந்துட்டீங்களா? மறந்துட்டேன்னு சொல்லுங்க, போதும். நான் டாக்டர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

மறந்துட்டேன். ஒரு சொல்தான். வாய்க்குள் அது தயாராக இருந்தது. இதுவும் அவள் கொடுத்ததுதானே, அவள் நீட்டி நான் வாங்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. யோகேஸ்வரி சாவியைப் பையில் போட்டாள். தட்டில் பெரியவர் பாதி மீனும் பாதிக் கருவாடுமாகக் கிடந்தார். மீசை மட்டும் ஒடியவில்லை.

ஷீலா காத்திருந்தாள். பிறகு அறுந்த வளையத்தை மீனுக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். மேலங்கியைக் கழற்றி வழக்கமான ஆணியில் மாட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டு அதை மடித்தாள்.

"அக்கா" என்றாள் இன்னொரு தடவை.

யோகேஸ்வரி துடைத்துக்கொண்டிருந்தாள். மடித்த மேலங்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷீலா கதவைத் திறந்து வெளியே போனாள்.